ஹட்டன் ஞாயிறு கோடிங் வகுப்பு: ரோதைமுனிக்கு ஐந்து நட்சத்திரம், சொல் கொப்பிக்கு மூன்று

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் மல்லியப்பு சந்திக்குப் போகிற வழியில், ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புரோகிராமிங் வகுப்பு நடக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. பெயின்ட் வாளியும் பி.வி.சி. குழாயும் அடுக்கிய படிக்கட்டில் பக்கவாட்டாக ஏறினால் கதவு வரும். மூன்று மாதக் கோர்ஸ், மாதம் 3500 ரூபா. பைத்தன் நிரல்மொழி, அடிப்படை லினக்ஸ் இயங்குதளம், கோடில் செய்கிற மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் கொஞ்சம். பாடம் முழுக்கத் தமிழில், அதுவும் நம் தேயிலைத் தோட்ட லயத்துத் தமிழில். கூடவே ‘சொல் கொப்பி’ என்று ஒன்று 250 ரூபாவுக்கு விற்கிறார்கள். புரோகிராமர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சொற்கள் எங்கிருந்து வந்தன, அவற்றுக்குத் தோட்டத்துப் பேச்சில் எது பொருந்தும் என்று தொகுத்து, ஃபோட்டோக்கொப்பி அடித்து, சுருள்கம்பி போட்ட புத்தகம்.

வகுப்புக்கும் கொப்பிக்கும் சேர்த்துத்தான் இந்த விமர்சனம். நான் அங்கே மாணவி இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போய், கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவள். கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு டிக்கோயாவிலிருந்தே சொஃப்ட்வெயார் டெஸ்டிங் செய்கிறேன். அடுத்தவர் எழுதியதில் குறை பிடித்துச் சம்பளம் வாங்குகிற ஆள், அதனால் குறைகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நல்லது. இந்தப் பக்கத்தில் நான் பார்த்த மற்ற கொம்பியூட்டர் வகுப்புகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும். ஆங்கிலத்தில் வரைவிலக்கணம், மனப்பாடம், கடைசியில் தங்க ஓரம் போட்ட சான்றிதழ். பிள்ளைகள் முதல் நாளே ‘எனக்கு இங்கிலீஷ் வராது, இது எனக்குச் சரிவராது’ என்று முடிவெடுத்துவிடுவார்கள். இங்கே சேர், அதாவது வகுப்பு எடுக்கிற ஆசிரியர், முதல் நாள் பலகையின் இடது பக்கத்தில் ஃபூ, ஹேக், க்ளூஜ், டீமன், க்ரெப் என்று எழுதி, எத்தனை சொல் தெரியும் என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. “பயப்படாதீங்க. இது இங்கிலீஷ் இல்ல. லண்டன்ல பொறந்தவனுக்கும் மொத நாள் இது வெளங்காது. இது ஒரு தோட்டத்துப் பேச்சு. அந்தத் தோட்டம் அமெரிக்காவில இருந்துச்சு, அவ்வளவுதான்” என்றார்.

அப்புறம் கதை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாதிரி ரயில் ஓட்டுகிற மாணவர் கழகம் ஒன்று இருந்தது. மேலே பொம்மை ரயில் ஓடும், கீழே பலகைக்கு அடியில் தொலைபேசி ரிலேக்களும் வயர்களும் சிக்கிக் கிடக்கும். அந்த வயர்களுக்குள் படுத்துக் கிடந்த பையன்கள்தான் ‘ஹேக்’ என்ற சொல்லுக்கு ஒரு புதிய அர்த்தம் கொடுத்தவர்கள். பேங்க் கணக்கைத் திருடுவது என்ற அர்த்தம் அப்போது கிடையாது. யாரும் கேட்காமலே, ரசனைக்காகச் செய்கிற கெட்டிக்கார வேலை, அதுதான் ஹேக். 1959இல் பீட்டர் சாம்சன் என்ற மாணவர் கழகத்துப் பேச்சுக்கு ஓர் அகராதியே எழுதினார். பிறகு அவர்கள் கொம்பியூட்டர் பக்கம் போனபோது பேச்சும் கூடவே போனது. 1975இல் ஸ்டான்ஃபோர்டில் ரஃபேல் ஃபிங்கெல் இந்தச் சொற்களை ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்கினார். அது கை மாறிக் கை மாறி வளர்ந்தது.

இதைச் சொல்லி முடித்துவிட்டுப் பலகையின் வலது பக்கத்தில் எழுதினார்: பெரட்டு, செக்ரோல், அரைப்பேர், கைக்காசு, நோர்ம், கவ்வாத்து. இந்தத் தடவை எல்லாக் கையும் உயர்ந்தது. “இத வெள்ளவத்தைல போய்ச் சொல்லிப் பாருங்க” என்றார். கொழும்பு வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருந்தவள் என்ற முறையில் நான் சாட்சி. அம்மா போனில் “இன்னைக்கு அரைப்பேர்தான் விழுந்துச்சு” என்று சொன்னதை அறைத்தோழிக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணி நேரம் வேண்டியிருந்தது. ஒரு நாள் வேலை செக்ரோலில், அதாவது வருகைப் பதிவில், ஒரு பேராக விழும், நோர்ம், அதாவது ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோ, குறைந்தால் அரைப்பேர், ஞாயிறு, போயா நாட்களில் கிலோவுக்கு இவ்வளவு என்று காசுக்குப் பறித்தால் கைக்காசு. இதையெல்லாம் தமிழ் என்று சொல்லலாமா என்றும் சேர் கேட்டார். காலையில் வேலைக்கு ஆட்கள் கூடுகிற பெரட்டு ஆங்கிலத்தின் பரேட். செக்ரோல், நோர்ம் அப்படியே ஆங்கிலம். அதைப் பேசுகிற பெண்களோ ஆங்கிலம் படித்ததில்லை. வேலை செய்கிற இடத்தில் காதில் விழுந்ததை வாய்க்கு ஏற்ற மாதிரி வளைத்து எடுத்துக்கொண்டார்கள். ரயில் கழகத்துப் பையன்கள் செய்ததும் வேறொன்றும் இல்லை. அன்றைக்குப் பிள்ளைகள் முகத்தில் இருந்த தெளிச்சியை வைத்தே முதல் மாதக் கட்டணத்தை நான் செல்லும் என்று வைத்துக்கொண்டேன்.

இந்த முறையின் உண்மையான பலன் பிறகுதான் தெரிந்தது. பைத்தன் 3 வந்த 2008இலிருந்து மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம். வேலைக்குப் போன இடத்தில் யாரும் அப்படி எழுத விடமாட்டார்கள், ஆனால் படிக்கிற நேரத்தில் அது பெரிய உதவி. எங்கள் பிள்ளை எழுதிய முதல் உருப்படியான புரோகிராம் கொழுந்து நிறுக்கிற கணக்கு. கொழுந்து, கழிவு, நோர்ம், பேர் என்றுதான் மாறிகள். பேருக்கு உண்மை, பொய் என்ற பூலியன் வகையைக் கொடுத்திருந்தாள். வேலைக்கு வந்தால் உண்மை, வராவிட்டால் பொய். வீட்டில் என் அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டியபோது, பென்ஷன் எடுத்து வீட்டில் இருக்கிற அந்த மனுசி கேட்டது ஒரே கேள்விதான்: “அரைப்பேரு எங்கடி?” பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோர்ஜ் பூல் என்ற கணித அறிஞர் தர்க்கத்தை ஒன்று, சூன்யம் என்று இரண்டாகப் பிரித்து எழுதியபோது தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலை அவருக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். அடுத்த ஞாயிறு சேர் அந்த ஒரு கேள்வியை வைத்தே தரவு வகைகள் பாடம் முழுவதையும் நடத்தினார். எப்போது பூலியன், எப்போது தசமம், எப்போது மூன்று பெயர்கள் மட்டும் வரக்கூடிய பட்டியல் என்று. கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்தில் பயிற்சி எடுத்த எனக்கு இந்த விடயத்தை இவ்வளவு சுத்தமாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

சரி, ரயில் நிலையப் பாடத்துக்கு வருவோம். கோர்ஸின் சிறந்த நாள் அதுதான்.

செமஃபோர் என்ற சொல் புரோகிராமிங்கில் வரும். ஒரே வளத்தை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் பிடித்து மோதிவிடாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. 1960களின் தொடக்கத்தில் நெதர்லாந்துக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ரயில்வே கைகாட்டியிலிருந்து எடுத்து வைத்த பெயர். பாடப்புத்தகத்தில் வரைபடத்தோடு இருக்கும், யாருக்கும் மண்டையில் ஏறாது. ஹட்டனில் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் தேவையில்லை. மலைநாட்டுப் பாதை ஒற்றைத் தண்டவாளம். கைகாட்டி இன்னும் கம்பத்தில் நிற்கிறது. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரை போக டிரைவரிடம் ‘டெப்லட்’ என்ற அனுமதித் தகடு இருக்க வேண்டும், வளையத்தில் கோர்த்த பைக்குள் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டு ஸ்டேஷன் இயந்திரங்களும் மின்சாரத்தால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை, ஆகவே அந்தத் துண்டுப் பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு டெப்லட்தான் வெளியே வரும். சேர் பிள்ளைகளைப் பிளாட்ஃபோமில் வரிசையாக நிறுத்தி, வண்டி வந்து வளையம் கைமாறுவதைக் காட்டினார். உல்லாசப் பிரயாணிகள் அதைப் படம் பிடித்தார்கள், எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துக் குறிப்பு எழுதினார்கள். டெப்லட் தொலைந்தால் என்ன ஆகும், இரண்டு பேரும் எதிரெதிரே காத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு பையன் கேட்டான். டெட்லொக் பாடம் அங்கேயே முடிந்தது.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. டெப்லட்டையும் கைகாட்டியையும் சேர் ஒரே சாமான் மாதிரிச் சொல்லிவிட்டார். கைகாட்டி யாருக்கும் சொந்தமில்லை, பார்க்கிறவர் எல்லாருக்கும் அது பொது. டெப்லட் கையில் வைத்திருப்பவருக்குத்தான் உரிமை, அவரேதான் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். புரோகிராமிங்கில் செமஃபோருக்கும் மியூடெக்ஸுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட இதுதான். நேர்முகத் தேர்வில் கேட்கிற கேள்வி அது. கண்முன்னால் இரண்டும் நின்றபோது பிரித்துக் காட்டாமல் விட்டது அநியாயம்.

இனி சொல் கொப்பி. மூன்று நட்சத்திரம் என்று தலைப்பில் போட்டதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

நல்ல பக்கங்கள் இருக்கின்றன. ஹவாய்ச் சொல்லான ‘விக்கி’ பற்றிய பக்கம் எனக்குப் பிடித்தது. ஹொனலூலு விமான நிலையத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற பஸ்ஸின் பெயர் விக்கி விக்கி, அதாவது சுருக்கா சுருக்கா. வோர்ட் கனிங்ஹாம் 1995இல் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையப் பக்கங்களை வெளியிட்டபோது அந்தப் பஸ்ஸை நினைத்துப் பெயர் வைத்தார். ஜாவா பக்கமும் நன்றாக இருக்கிறது. அமெரிக்கக் கொச்சையில் ஜாவா என்றால் கோப்பி, அந்தத் தீவிலிருந்து கோப்பி வந்ததால். 1995இல் வந்த நிரல்மொழிக்கும் அதுவே பெயராகி, சின்னத்தில் ஆவி பறக்கிற கோப்பையும் வந்தது. கொப்பி இதோடு நிற்கவில்லை. நம் ஆட்கள் இந்த மலைக்கு வந்ததே கோப்பிக்குத்தான் என்று தொடர்கிறது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார், 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்தது, அதன் பிறகுதான் மலை முழுக்கத் தேயிலையானது. ஒரு நிரல்மொழியின் பெயரிலிருந்து தன் பூட்டியின் கதைக்கு ஒரு பிள்ளை அரைப் பக்கத்தில் வந்து சேர்வது எந்தப் பெரிய புத்தகத்திலும் கிடைக்காது.

ஆனால் ‘பக்’ பற்றிய பக்கம் என் தொழிலைத் தொடுகிறது, அங்கே விடமாட்டேன். ஹாவர்டில் இருந்த மார்க் 2 இயந்திரத்தில் கிரேஸ் ஹொப்பர் ஒரு விட்டில் பூச்சியைப் பிடித்தார், அன்றிலிருந்து பிழைக்குப் பக் என்று பெயர் வந்தது என்று எழுதியிருக்கிறது. பாதி உண்மை. பூச்சி நிஜம். 1947 செப்டெம்பர் 9ஆம் தேதி, ரிலே ஒன்றுக்குள் அகப்பட்டது. அதைப் பதிவுப் புத்தகத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டி வைத்தார்கள், இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் இருக்கிறது. ஹொப்பர் அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிப் பிரபலப்படுத்தியவர், பிடித்தவர் அவர் இல்லை. அந்தப் பதிவில் எழுதியிருப்பது, பூச்சி நிஜமாகவே அகப்பட்ட முதல் சம்பவம் என்ற அர்த்தத்தில் ஒரு வரி. ‘நிஜமாகவே’ என்று எழுத வேண்டுமானால் அதற்கு முன்பே நிஜமில்லாத பூச்சி புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நகைச்சுவையே ஆகாது. தோமஸ் எடிசன் 1878இல் எழுதிய கடிதத்திலேயே தன் கண்டுபிடிப்புகளில் வருகிற சில்லறைக் கோளாறுகளைப் பக் என்றுதான் குறிப்பிட்டிருக்கிறார். எஞ்சினியர்களின் பழைய கொச்சை அது.

404 என்ற பிழை எண், சுவிட்சர்லாந்தில் சேர்ன் ஆய்வுகூடத்தின் 404ஆம் அறையிலிருந்து வந்ததாம். வரவில்லை. 4இல் தொடங்குகிற எண்கள் எல்லாம் கேட்கிறவர் பக்கத்துத் தவறு என்று ஒதுக்கிய வரிசை, அதில் ஐந்தாவது இது, 400இலிருந்து எண்ணினால். அறைக் கதை பொழுதுபோக்குக்கு யாரோ கட்டிவிட்டது.

இதைவிடக் கோபம் வந்த பக்கம் ‘கேஷ்’. அடிக்கடி தேவைப்படுகிற தரவைக் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொள்ளும் வேகமான நினைவகம். கொப்பி அடித்துச் சொல்கிறது: இது தமிழ்க் காசிலிருந்து போன சொல்! எங்கள் ஆட்களுக்கு இந்த வியாதி எப்போது போகுமோ. இந்தக் கேஷ் பிரெஞ்சுக்காரர் ஒளித்து வைப்பதற்குச் சொல்கிற சொல்லிலிருந்து வந்தது. 1968இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சஞ்சிகையில் சிஸ்டம் 360இன் மொடல் 85 பற்றி எழுதிய கட்டுரையில், நீளமான ஒரு பெயருக்குப் பதிலாக இது போடப்பட்டு நிலைத்துவிட்டது. கீழைத்தேயச் சின்னக் காசுகளுக்கு வெள்ளைக்காரர் வைத்த கேஷ் என்ற பெயர் நம் காசிலிருந்து போனது உண்மை. அது வேறு கேஷ், எழுத்தும் வேறு. உச்சரிப்பு ஒன்றாக இருந்தால் உறவு கொண்டாடிவிடலாம் என்றால், லினக்ஸின் சூடோ கட்டளை நம் சூட்டிலிருந்து வந்தது என்றும் எழுதலாமே.

க்ளூஜ் பற்றிய பக்கத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழகில்லாமல், அவசரத்துக்கு ஒட்டுப்போட்டு, ஆனால் வேலை செய்கிற ஏற்பாடுதான் க்ளூஜ். 1962இல் ஜாக்சன் கிரான்ஹோம் ‘டேட்டாமேஷன்’ சஞ்சிகையில் எழுதிய கிண்டல் கட்டுரை இதைப் பரப்பியது. சொல்லின் பிறப்பு பற்றி இரண்டு கதைகள் உண்டு. கெட்டிக்காரத்தனம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல் என்பது ஒன்று, ஸ்கொட்லாந்துக் கொச்சையில் கக்கூசுக்குச் சொல்கிற சொல்லோடு தொடர்பு என்பது மற்றது. கொப்பி இரண்டாவதை மட்டும் தீர்ப்பு மாதிரி எழுதியிருக்கிறது. காரணம் புரிகிறது. ஹட்டன் என்ற பெயரே ஸ்கொட்லாந்துக் கிராமம் ஒன்றின் பெயர், சுற்றியிருக்கிற தோட்டப் பெயர்களில் பாதி அந்த ஊர்த் துரைமார் வைத்தது. துரை கொண்டுவந்த பெயரில் ஒன்றாவது கக்கூசாக இருக்கட்டும் என்ற ஆசை எனக்கும் உண்டுதான். நம் கக்கூசு, அலுவலகத்துக்குச் சொல்கிற கந்தோர் எல்லாம் டச்சுக்காரன் விட்டுப்போனவை என்பதையும் சேர் அந்த இடத்தில் சேர்த்துக்கொண்டார், டைக்ஸ்ட்ரா தன் செமஃபோர் கட்டளைகளுக்கு வைத்த பி, வி என்ற எழுத்துகள் டச்சுச் சொற்களின் முதலெழுத்து என்ற தகவலோடு. அந்த அரை மணி நேரம் நன்றாகப் போனது.

க்ளூஜுக்கு ஈடாகக் கொப்பி ‘ஷேப்’ என்று போட்டிருப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொழும்பு ஒஃபிஸ்களில் சிங்களத்திலும் தமிழிலும் ஓடுகிற சொல் அது. “ஷேப் பண்ணிட்டேன்” என்றால் சமாளித்துவிட்டேன், இனிக் கேட்காதே என்று அர்த்தம். நான் எழுதுகிற பிழை அறிக்கைகளுக்கு இந்தப் பதில் வந்து கொண்டுதான் இருக்கிறது. க்ளூஜ் என்பது செய்து வைத்த சாமானைக் குறிக்கும், எழுதியவரே அதை வெட்கத்தோடு ஒத்துக்கொண்டு கோடின் ஓரத்தில் குறிப்பு வைப்பார். ஷேப்பில் சாமானும் இருக்காது, வெட்கமும் இருக்காது. நம் பேச்சில் ‘ஒப்பேத்தி வச்சிருக்கு’ என்று சொல்வோமே, அது இன்னும் கிட்ட வரும்.

தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்குப் ‘புரூன்’ சரியான ஜோடி. கிட்டில் தேவையில்லாமல் போனவற்றை வெட்டிக் கழிக்கிற கட்டளை, இங்கே அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முள்ளு குத்துகிற, அதாவது முள்ளுக் கருவியால் மண்ணைக் கிளறுகிற வேலையை ‘ஃபோர்க்’ என்றதில் கொஞ்சம் இழுவை இருக்கிறது, அந்த ஃபோர்க் இரண்டாகப் பிரிகிற பாதை. கிட்டின் ‘மாஸ்டர்’ கிளை பற்றி ஒரு பிள்ளை கேட்டபோது சேர் நன்றாகப் பதில் சொன்னார். எஜமான், அடிமை என்று இயந்திரங்களுக்குப் பெயர் வைப்பதை நிறுத்தும்படி 2003இலேயே லொஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகம் விற்பனையாளர்களைக் கேட்டது, 2020 ஒக்டோபரிலிருந்து, கோடைச் சேமித்துப் பகிர்கிற தளமான கிட்ஹப் புதிய களஞ்சியங்களின் முதன்மைக் கிளைக்கு ‘மெயின்’ என்று மாற்றிவிட்டது. “நம்ம ஊர்ல மாஸ்டர்னா பள்ளிக்கூட வாத்தியார், அதனால நமக்கு உறுத்தாது. ஆனா தொரை கதைய நாம மறந்துட்டோமா?” என்று கேட்டு மெயின் என்றே எழுதச் சொன்னார்.

அதே சேர் டீமனுக்குக் கங்காணி என்று போட்டிருந்ததுதான் எனக்குப் புரியாத புதிர்.

டீமன் என்றால் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிற நிரல். யாரும் கூப்பிடாமலே தன் வேலையைப் பார்க்கும். 1963இல் எம்.ஐ.டி.யின் மேக் திட்டத்தில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு வைத்த பெயர், மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் கற்பனை செய்த, மூலக்கூறுகளை ஓயாமல் பிரித்துக்கொண்டே இருக்கிற பூதத்தை நினைத்து. பேய் பிசாசு என்ற அர்த்தத்தில் எடுக்கவில்லை, பழைய கிரேக்கத்தில் மனிதருக்கும் தெய்வத்துக்கும் நடுவில் நிற்கிற காவல் ஆவி என்ற அர்த்தத்தில்தான். இதைக் கொப்பியே சரியாக எழுதியிருக்கிறது. எழுதிவிட்டு, தோட்டத்தில் இதற்கு ஈடு கங்காணி என்கிறது. அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். “கங்காணி எங்கம்மா மறைஞ்சு நிப்பான்? அவன் கண்ணு முன்னால நின்னு கத்துறவன். நீ சொல்றது ரோதைமுனி” என்றார்.

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: தேயிலை ஃபெக்டரியின் சில்லுகளையும் இயந்திரங்களையும் காக்கிற தெய்வம் ரோதைமுனி. கொழுந்துச்சாமி, கவ்வாத்துச்சாமி போலத் தோட்டத்து வேலையிலிருந்தே பிறந்த சாமி. ரோதை என்பதே சில்லுக்குப் போர்த்துக்கீசியர் சொல்லிவிட்டுப் போன சொல், முனி நம் ஆள். இயந்திரம் ஓடுகிறவரை அது அங்கே இருக்கும், யார் கண்ணுக்கும் படாது, கவனிக்காமல் விட்டால்தான் விரல் போகும். கொர்பாட்டோவின் குழு ஒரு நாள் இரவு இங்கே ஸ்டோரில் இருந்திருந்தால் மேக்ஸ்வெல்லிடம் போயிருக்கவே வேண்டாம். கங்காணியை அந்த இடத்தில் வைத்ததற்கு எனக்கு வேறொரு எரிச்சலும் உண்டு. ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்து, கடனைத் துண்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் சனங்களை மாற்றிவிட்ட முறை அது. சட்டம் போட்டு 1921இல்தான் துண்டை ஒழித்தார்கள். செல்லமாக ஒரு நிரலுக்குச் சூட்டுகிற பெயராக அது என் காதில் விழவில்லை.

அடுத்த ஞாயிறு இதைச் சேரிடம் சொன்னேன். வாதாடவில்லை. மேசையில் இருந்த விற்பனைக் கொப்பிகள் எல்லாவற்றிலும் கறுப்புப் பேனையால் கங்காணியை வெட்டி ரோதைமுனி என்று எழுதப் பிள்ளைகளை உட்கார வைத்தார். தன் புத்தகத்தில் ஒரு தோட்டத்துப் பெரியவர் கை வைக்க விடுகிற ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை. பக், 404, கேஷ் மூன்றையும் சொல்லியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் பார்ப்போம். இப்போது வாங்குகிறவர்கள் அந்த மூன்று பக்கத்தையும் நம்ப வேண்டாம்.

மற்ற விடயங்கள். மாடியில் இருக்கிற மேசைக் கொம்பியூட்டர்கள் பழையவை, லினக்ஸ் போட்டிருப்பதால் ஓடுகின்றன. பாதிப் பேர் சொந்த லெப்டொப் கொண்டுவருகிறார்கள், இல்லாதவர்கள் இருவருக்கு ஒன்று. இணையம் மத்தியானத்துக்குப் பிறகு இழுக்கும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் சேர் பலகையில் கோட் எழுதிப் பிள்ளைகளை இயந்திரமாக ஓட வைப்பார், அது உண்மையில் நல்ல பாடம். பெண்பிள்ளைகள் தனியாக வரலாம், பயமில்லை, ஆனால் கழிவறை கீழே கடைக்காரருடையது, சாவி வாங்கிக்கொண்டு போக வேண்டும். கதவை மூடினால் மூச்சு முட்டுகிறது, திறந்தால் குளிர். ஸ்வெட்டர் கட்டாயம்.

சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதை வைத்து வேலை கிடைக்கும் என்று யாராவது எதிர்பார்த்தால் அது நடக்காது. மூன்று மாதத்தில் டெவலப்பர் ஆக முடியாது, டேட்டாபேஸ் பக்கம் போவதே இல்லை, டெஸ்டிங் பற்றி ஒரு வார்த்தை கிடையாது (இதையும் சொல்லிவிட்டேன், ஒரு ஞாயிறு வந்து எடுங்கள் என்று திருப்பிவிட்டார்). ஏற்கனவே கொஞ்சம் கோட் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது மெதுவாகப் போகும். உயர்தரம் முடித்து, ஆங்கிலத்தைக் கண்டு ஒதுங்கி நிற்கிற பிள்ளைகளுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். இங்கே முடித்துவிட்டு ஆங்கிலத்தில் நடக்கிற இலவச இணையக் கோர்ஸ் ஒன்றுக்குள் எங்கள் பிள்ளை போயிருக்கிறாள், அகராதி பக்கத்தில் இருக்கிறது, பயம் இல்லை.

வகுப்புக்கு ஐந்துக்கு நாலரை. கொப்பிக்கு மூன்று, ரோதைமுனி பக்கத்துக்கு மட்டும் ஐந்து. காலை, மாலை என்று இரண்டு பிரிவு உண்டு. டிக்கோயா, நோர்வூட் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டும் சரி. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பிள்ளைகள் சேரும்போதே காலைப் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாலைப் பிரிவு நேரத்துக்கு முடிவதில்லை, சேருக்குக் கதை சொல்லத் தொடங்கினால் பஸ் நேரம் மறந்துவிடும்.